எழுத்தை அளந்த பிறகுதான் பெட்டி: ஓலையிலிருந்து போன் திரை வரைக்கும் ஒரு தமிழ்ப் பக்கத்தின் கதை

வெப்சைட் டிசைன் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பண்ணலாம், ஆனா நம்ம வழக்கப்படி வரலாறு வழியாத்தான். அந்த எபிசோடை வாசிக்கத் தோதா கொஞ்சம் திருத்தி இங்க கொடுத்திருக்கோம்.

ஒரு கற்பனைக் கணக்கோட ஆரம்பிப்போம். கொடைக்கானல் ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் போனா நாயுடுபுரம். வீடுகள், கடைகள், சின்னச் சின்ன தங்கும் விடுதிகள். அங்க ஒருத்தர் மாடியில ரெண்டு ரூம் கட்டி ஹோம்ஸ்டே நடத்துறார்னு வச்சுக்குவோம். வெப்சைட் வேணும். இணையத்துல இலவசமா ஒரு டெம்ப்ளேட் எடுக்கிறார். மேல பெருசா பனிமூட்டம் படர்ந்த பில்லர் ராக்ஸ் படம். அதுமேல வெள்ளை எழுத்துல விடுதிப் பேர். கீழ 'புக் நவ்'னு ஒரு பட்டன். ஆங்கிலத்துல பார்க்க அம்சமா இருக்கு.

இப்ப அதையே தமிழ்ல மாத்துறார். 'புக் நவ்' இருந்த இடத்துல 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' வருது. பட்டன் ரெண்டு வரியா உடையுது. மேல் வரி எழுத்துகளோட வால், கீழ் வரி எழுத்துகளோட தலையில இடிக்குது. ஆங்கிலத் தலைப்பு கேபிடல் எழுத்துல கம்பீரமா நின்னுச்சு. தமிழ்த் தலைப்பு மத்த வரிகளோட வரியா கரைஞ்சு போச்சு. கடைசியில அவர் என்ன முடிவுக்கு வர்றார்? "தமிழ் செட் ஆகல, இங்கிலீஷ்லயே விட்டுடலாம்."

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ குடும்பத்தோட வர்ற, தமிழ் மட்டும் சரளமா படிக்கிற ஒரு அம்மா, அந்த நிமிஷத்துல அந்தப் பக்கத்துக்கு வெளியே போயிடுறாங்க. அவங்களை யாரும் போகச் சொல்லல. டிசைன் சொல்லிடுச்சு.

தப்பு தமிழ் எழுத்துமேலயா, டெம்ப்ளேட்மேலயா? இந்தக் கேள்வி புதுசு கிடையாது. தமிழ் முதல்முதலா அச்சேறின நாள்லேர்ந்து திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தடவையும் பதில் கண்டுபிடிச்சவங்க ஒரே வேலையைத்தான் செஞ்சாங்க: பெட்டியை ஓரமா வச்சுட்டு, முதல்ல எழுத்தை அளந்தாங்க.

நாலு விதி

டிசைன் படிச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச நாலு அடிப்படை விதிகள் இருக்கு. அமெரிக்க எழுத்தாளர் ராபின் வில்லியம்ஸ் (நடிகர் இல்ல, இவங்க வேற) 1994-இல் 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்'னு ஒரு புத்தகம் போட்டாங்க. விதிகளை அவங்க கண்டுபிடிக்கல. சாமானியருக்குப் புரியிற மாதிரி நாலா தொகுத்தாங்க.

ஒண்ணு, நெருக்கம். சேர்ந்த விஷயங்கள் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், சேராதது தள்ளி இருக்கணும். ரெண்டு, வேறுபாடு. முக்கியமானது கண்ணுக்குத் தனியா தெரியணும். மூணு, மறுபடி வருதல். ஒரே வேலைக்கு ஒரே தோற்றம், பக்கம் முழுக்க. நாலு, ஒழுங்கு. ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு கோட்டைப் பிடிச்சு நிக்கணும்.

அதே 1994 அக்டோபர்ல, செர்ன் ஆய்வகத்துல இருந்த ஹோக்கன் வியும் லீ, வெப் பக்கத்தோட தோற்றத்தைத் தனியா எழுதி வைக்கிற ஒரு முறையை முன்மொழிஞ்சார். இன்னைக்கு நாம சி.எஸ்.எஸ்.னு சொல்றது அதுதான். விதியும் கருவியும் ஒரே வருஷத்துல கைக்கு வந்தாச்சு. ஆனா ரெண்டுமே ரோமன் எழுத்தைக் கண்முன்னாடி வச்சு யோசிச்சவை. தமிழுக்கு இந்த விதிகள் பொருந்தாதான்னா, நல்லா பொருந்தும். நம்ம ஆட்கள் இதே விதிகளை வேற பேர்ல, வேற கருவிகள்ல பல நூறு வருஷமா தேடிக்கிட்டு இருந்திருக்காங்க.

நெருக்கம்: ஓலையில இல்லாத இடைவெளி

ஓலைச்சுவடியை அருங்காட்சியகத்துல பார்த்திருப்பீங்க. அதுல வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. செய்யுளா இருந்தாலும் அடி பிரிக்காம, ஓலையோட ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தொடர்ந்து ஓடும். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும். 'ர'வும் 'கால்'னு நாம சொல்ற துணையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். எ-ஏ, ஒ-ஓ குழப்பம் வேற. அதைச் சரிபண்ண வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டுல செஞ்ச மாற்றத்தைத்தான் இன்னைக்கும் எழுதுறோம்.

இது குறைன்னு சொல்லிட முடியாது. அந்தக் காலத்து வாசகர் பாடலை ஏற்கெனவே காதால கேட்டவர், ஆசிரியர் பக்கத்துல உட்கார்ந்து படிச்சவர். எங்க பிரிக்கணும்னு அவர் மனசுக்குத் தெரியும். அறிமுகமே இல்லாத ஒருத்தர், எங்கேயோ தனியா உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சப்போதான் இடைவெளி தேவைப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டு பதிப்பாசிரியர்கள் அந்த வேலையைச் செஞ்சாங்க. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் வண்ணார்பண்ணையில அச்சகம் ஆரம்பிச்சார். தமிழ் உரைநடையில காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். சுவடியில ஓடிக்கிட்டிருந்ததை மூலம் எது, உரை எதுன்னு கண்ணுக்குத் தெரியிற பக்கமா மாத்துறது இந்தத் தலைமுறையோட வேலையா இருந்துச்சு. எது எதோட சேரும்னு வாசகருக்குக் காட்டுறது. டிசைன் வகுப்புல இதைத்தான் நெருக்கம்னு சொல்லித் தர்றாங்க.

நாயுடுபுரம் ஹோம்ஸ்டே பக்கத்துக்கு வாங்க. ரூம் படம் மேல, வாடகை ரெண்டு ஸ்க்ரோல் தள்ளி கீழ, போன் நம்பர் இன்னொரு மூலையில இருந்தா, அதுவும் ஒரு ஓலைச்சுவடிதான். முன்னாடியே தெரிஞ்சவங்க மட்டும்தான் அதைப் படிக்க முடியும்.

அளவு: தரங்கம்பாடியில உருகின ஈயம்

தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகங்கள்ல நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிற பழசு 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்துல அச்சானது. மொத்தமே 16 பக்கம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்ங்கிற போர்த்துகீசியப் பாதிரியார் செஞ்சது. காலப்போக்குல அந்த முயற்சி நின்னு போச்சு.

அடுத்த பெரிய அத்தியாயம் தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு அங்க வந்து இறங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிக்கணும். ஜெர்மனியில இருக்கிற ஹாலே நகரத்துல தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினாங்க. ஆனா வந்த எழுத்துகள் ரொம்பப் பெருசு. ஒரு பக்கத்துல கொஞ்ச வார்த்தைதான் அடங்கும். காகிதமோ கப்பல்ல வரணும். அந்த எழுத்தை வச்சு முழுப் புத்தகமும் அடிச்சா காகிதம் பத்தாது.

என்ன பண்ணாங்க? பக்கத்துல இருக்கிற பொறையாறுல உள்ளூர்லயே ஒரு எழுத்து வார்ப்புப் பட்டறை வச்சு, சின்ன அளவுல புது எழுத்துகளை வார்த்தாங்க. அதுக்கு உலோகம் வேணுமே? இங்கிலாந்துலேர்ந்து வந்த செஷயர் சீஸைச் சுத்தியிருந்த ஈயத்தை உருக்கினதா மிஷன் வரலாறு சொல்லுது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுசா அச்சாகி வெளிவந்துச்சு.

ஹாலேயில இருந்தவங்க திறமை குறைஞ்சவங்க இல்ல. தமிழைத் தினமும் வாசிக்கிற கண்ணு அவங்க பக்கத்துல இல்ல, அவ்வளவுதான். எழுத்தை வாசிக்கிறவங்களுக்கு நடுவுல உட்கார்ந்து வார்த்தப்போதான் அளவு சரியா வந்துச்சு. இன்னைக்கு வெளிநாட்டு டெம்ப்ளேட்டை இறக்கி, எழுத்து அளவை மட்டும் குறைச்சு தமிழை உள்ள திணிக்கிறவங்க இந்தக் கதையோட முதல் பாதியில நிக்கிறாங்க.

வேறுபாடு: கொடைக்கானல் மிஷனோட சென்னை அச்சகம்

இந்தக் கதை மலைக்கும் ஏறுது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துல வேலை செஞ்சு, 1834-இல் மதுரைக்கு வந்துச்சு. சமவெளியோட வெயிலும் காய்ச்சலும் தாங்காம, அந்த மதுரை மிஷன்காரங்க 1845-இல் பழனி மலையில ரெண்டு பங்களா கட்டினாங்க. கொடைக்கானல்ங்கிற ஊர் அங்கேர்ந்துதான் வளர்ந்தது. அதே அமெரிக்க மிஷன் அமைப்பு சென்னையில ஒரு அச்சகம் நடத்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டவர் பி.ஆர்.ஹன்ட். தமிழ் எழுத்தைச் சின்னதாவும் தெளிவாவும் வார்த்ததுக்கு அந்த அச்சகம் பேர் வாங்கினது.

அதோட பெரிய சாதனை 1862-இல் வந்த வின்சுலோ தமிழ்-ஆங்கில அகராதி. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பக்கங்கள், 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒரே வரியில தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து வரணும். தேடுற சொல் பளிச்சுன்னு தெரியணும், விளக்கம் பின்னாடி அடங்கி நிக்கணும். நம்ம இருமொழி வெப்சைட்டுகள் இன்னைக்கும் முட்டிக்கிற சிக்கல் இதேதான்.

ஆங்கிலத்துல வேறுபாடு காட்ட நிறைய வழி: கேபிடல் எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து. தமிழ்ல கேபிடல் கிடையாது. சாய்வெழுத்துக்கு நம்மகிட்ட தனி மரபு இல்ல, பிரவுசர் எழுத்தைத் தள்ளிச் சாய்ச்சுவிடும். தடித்த வடிவம் எழுத்துருவிலேயே இல்லைன்னா, பிரவுசர் சும்மா ஊதிப் பெருக்கும். அப்ப 'ண', 'ஞ' மாதிரி எழுத்துகளோட சுழிகள் அடைச்சுக்கும். ஆக நமக்கு மிச்சம் இருக்கிறது அளவு, நிறம், இடைவெளி, அப்புறம் ஒழுங்கா வரைஞ்ச தடிமன்.

இந்தக் கடைசி விஷயத்துல நல்ல செய்தி இருக்கு. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைச்ச 'கேட்டமரான்' எழுத்துரு (ஆமா, நம்ம கட்டுமரம்தான்) 9 தடிமன்கள்ல கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது. எக் டைப் குழுவோட முக்த மலர், கூகுளோட நோட்டோ சான்ஸ் தமிழ்னு தேர்வுக்கும் பஞ்சமில்ல. இதுல தலைப்புக்கு ஒரு தடிமன், உள்ளடக்கத்துக்கு ஒண்ணு. கேபிடல் இல்லாத குறையே தெரியாது.

பனிமூட்டப் படத்துமேல வெள்ளை எழுத்து? 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு கேட்குது. பனிமேல வெள்ளை அந்தக் கணக்குக்குக் கிட்டயே வராது.

மறுபடி வருதல்: 1978

உங்க தாத்தா-பாட்டி வச்சிருந்த பழைய புத்தகத்தைத் திறந்தா 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி கொம்போட வித்தியாசமா இருக்கும். 'ணா', 'றா', 'னா'வும் அப்படித்தான், கால் தனியா நிக்காம எழுத்தோட சுருண்டு கிடக்கும். மத்த எழுத்துக்கெல்லாம் ஒரு விதி, இந்த 13 எழுத்துக்கு மட்டும் வேற விதி.

பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழ்ல சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்த ஆரம்பிச்சார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு இந்த 13 எழுத்து மாற்றத்தை அதிகாரபூர்வமாக்குச்சு. சிங்கப்பூர் 1983-இல் ஏத்துக்கிட்டது. மொழி உணர்வு, அரசியல் எல்லாம் அதுல கலந்திருந்துச்சு. டிசைன் கண்ணால பார்த்தா அதோட சாரம் ஒரே வாக்கியம்தான்: ஒரே ஒலிக்குறி எங்க வந்தாலும் ஒரே மாதிரி தெரியட்டும். கத்துக்கிற குழந்தைக்கும் சுலபம், எழுத்து கோக்குறவருக்கும் சுலபம்.

வெப்சைட்ல இதோட பொருள் ரொம்ப எளிமை. 'முன்பதிவு' பட்டன் ஒரு பக்கத்துல பச்சை, இன்னொரு பக்கத்துல நீலம், மூணாவது பக்கத்துல வெறும் அடிக்கோடுன்னு வேண்டாம். ஒரு பக்கத்துல 'முன்பதிவு', இன்னொண்ணுல 'ரூம் புக்கிங்', மத்ததுல 'ரிசர்வேஷன்'னும் வேண்டாம். வார்த்தையும் டிசைன்தான்.

கட்டம் கட்டமா கதறின தொண்ணூறுகள்

1995 அக்டோபர்ல சிங்கப்பூர்ல கவிதைகளுக்காக ஒரு இணையதளம் திறந்தாங்க. அதுல தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்துலயே திரையில கொண்டுவந்தவர் நா.கோவிந்தசாமி. இணையத்துல தமிழோட முதல் அடிகள்ல அது ஒண்ணு. மலேசியாவுல முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்துல இருந்த கு.கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைக் கொடுத்தார். அவரோட முன்முயற்சியில 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சது. இவங்க யாரும் பெரிய கம்பெனி கிடையாது. தங்கள் மொழியைத் திரையில பார்க்கணும்னு ராத்திரி தூக்கத்தைக் கொடுத்தவங்க.

சிக்கல் எங்க வந்துச்சு? அப்போ ஒரு எழுத்துருவுக்குள்ள 256 இடம்தான். அதுல எந்தத் தமிழ் எழுத்தை எங்க உட்கார வைக்கிறதுன்னு ஆளுக்கொரு ஏற்பாடு. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. அதை இறக்கி வைக்காம அந்தத் தளத்தைத் திறந்தா கேள்விக்குறியும் கட்டமும்தான் தெரியும். 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்'99 மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் பிறந்துச்சு. இன்னொரு பக்கம், 1991-லேயே யூனிகோட் முதல் பதிப்புல தமிழுக்கு இடம் கிடைச்சிருந்தது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோட வந்தப்போதான் அது சாதாரண மேசைக்கு இறங்குச்சு. 2010 ஜூன்ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா அறிவிச்சது.

இதனால என்ன நடந்துச்சுன்னா, பழைய எழுத்துருவுல எழுதின பக்கங்களைத் தேடுபொறி தமிழா பார்க்கவே இல்ல. படிக்க அழகா இருந்தது, ஆனா தேடினா கிடைக்காது. எழுத்துரு காணாம போனப்போ அதுல எழுதினதும் குப்பையா தெரிஞ்சது. இன்னைக்கும் தமிழை ஒரு படமா செஞ்சு வெப்சைட்ல ஒட்டுறவங்க இருக்காங்க. திரைவாசிப்பான் அதைப் படிக்காது, தேடலுக்கு அது சிக்காது, பெருசாக்கினா மங்கும். இத்தனை பேர் உழைச்சு வாங்கிக் கொடுத்ததை அவங்க கைவிட்டுடுறாங்க.

ஒழுங்கு: நம்ம வார்த்தை நீளம்

கடைசி விதி. தமிழ்ல ஒட்டு சேர்ந்து சேர்ந்து வார்த்தை நீளும். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்'ங்கிறது ஒரே வார்த்தை. 'ர' ஒல்லி, 'ஞ' அகலம், 'ணோ'ன்னா மூணு துண்டு. பத்திரிகைகள் ஒடுங்கின பத்தியில ரெண்டு ஓரமும் நேரா நிக்கணும்னு வார்த்தையை எங்க வேணாலும் ஒடிச்சு அடுத்த வரிக்குத் தள்ளினாங்க. போன் திரையில அதே ரெண்டு ஓர ஒழுங்கைப் போட்டா, வார்த்தைக்கு நடுவுல ஆறு மாதிரி வெள்ளைப் பள்ளம் ஓடும். அதனால இடது ஓரத்தைப் பிடிங்க, வலது ஓரம் ஏறி இறங்கட்டும். கொம்பும் வாலும் இடிக்காம இருக்க வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் தாராளமா விடுங்க. பட்டனுக்கு நிலையான அகலம் வேண்டாம், வார்த்தையோட சேர்ந்து அது வளரட்டும். பக்கத்தோட மொழி தமிழ்னு கோடுல ஒரு குறிப்பு சேருங்க. திரைவாசிப்பான் சரியான குரல்ல வாசிக்க அது உதவும்.

இதெல்லாம் ஒரு ஹோம்ஸ்டே சமாச்சாரம் மட்டும் இல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆச்சு. மலை ஏறணும்னா முதல்ல ஒரு வெப்சைட்டைத் தாண்டணும். ரேஷன், பட்டா, மார்க் ஷீட், ஆஸ்பத்திரி டோக்கன்னு ஒவ்வொரு வாசலும் இப்ப திரையாகிட்டு வருது. அந்த வாசல்ல தமிழ் ரெண்டாவது வரியா, பொடி எழுத்துல, நசுங்கி நின்னா, தமிழ் மட்டும் தெரிஞ்சவர் வேற யாராவது படிச்சுச் சொல்றதுக்காகக் காத்து நிக்கணும்.

நீங்க அடுத்த தடவை ஒரு வெப்சைட் பண்ணும்போது ஒண்ணு செஞ்சு பாருங்க. டெம்ப்ளேட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கத்துல வரப்போற நீளமான தமிழ் வார்த்தையையும், கொம்பும் வாலும் அதிகமா இருக்கிற ரெண்டு வரியையும் எழுதிக்கோங்க. முதல்ல அது திரையில சௌகரியமா உட்காரட்டும். மத்ததை அதைச் சுத்திக் கட்டுங்க. பொறையாறுப் பட்டறையில செஞ்சதும் அதேதான்.